சரமாகிப்போன பெயர்

சம்பளப் பட்டியல் மென்பொருள் ஒன்றில் வேலை பார்த்தபோது நடந்தது இது. அறிக்கையில் எந்தெந்த விவரம் வர வேண்டும் என்பதை வாடிக்கையாளரே தேர்ந்தெடுத்துக்கொள்வார். அதற்காக எங்கள் சி ஷார்ப் நிரலில் நாற்பதுக்கும் மேற்பட்ட 'கேஸ்' வரிகள் இருந்தன. அடிப்படைச் சம்பளம் கேட்டால் இதைக் கொடு, பஞ்சப்படி கேட்டால் அதைக் கொடு. புதிதாக ஒரு படி சேரும்போதெல்லாம் இன்னொரு வரி.

ரிஃப்ளெக்‌ஷன் வைத்து, அதாவது நிரல் ஓடும்போதே பெயரைச் சொல்லி மதிப்பைத் தேடி எடுக்கும் வசதியைக் கொண்டு, அதை ஐந்தாறு வரியில் முடித்தேன். டேட்டாபேஸில் இருக்கும் விவரத்தின் பெயரைச் சரமாக, அதாவது வெறும் எழுத்துத் தொடராக, எடுத்து 'கெட்ப்ராப்பர்ட்டி'யிடம் கொடுத்தால் போதும். 'கெட்வேல்யூ' மதிப்பைத் தந்துவிடும். அந்த முடிவு சரியென்றே இன்றும் சொல்வேன்.

தவறு வேறொரு வரியில் இருந்தது. கேட்ட பெயர் இல்லையென்றால் கெட்ப்ராப்பர்ட்டி பிழை எறியாது, 'நல்', அதாவது ஒன்றுமில்லை, என்று திருப்பித் தரும். திரை உடைந்துவிடக் கூடாதே என்று, நல் வந்தால் வெற்றுச் சரம் காட்டும்படி எழுதிவைத்தேன்.

சில மாதம் கழித்து, கூட வேலை பார்த்த தம்பி ஒருவர் நிரலில் பி.எஃப். தொகையை வைத்திருந்த ப்ராப்பர்ட்டிக்கு இன்னும் தெளிவான பெயர் வைத்தார். நல்ல காரியம்தான். எடிட்டரின் ரீநேம் வசதி நிரல் முழுக்க ஒழுங்காக மாற்றியது. டேட்டாபேஸில் கிடந்த சரம் அதன் கண்ணில் படவில்லை. கம்பைல் ஆனது, டெஸ்ட்டுகளும் தேறின. மாதக் கடைசியில் போன் வந்தது.

"பி.எஃப். மட்டும் எல்லாருக்கும் காலியா வருது சார். பிடிச்ச பணம் எங்கன்னு ஆளுங்க கேக்குறாங்க."

பிடித்தது, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம். பணம் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அதை அவர்களிடமிருந்து மறைத்தது என் வெற்றுச் சரம். பிழையென்று வெடித்திருந்தால் எங்கள் மேசையிலேயே பிடிபட்டிருக்கும்.

2015-இல் சி ஷார்ப் 6-உடன் வந்த, பெயரைச் சரமாகத் தரும் 'நேமாஃப்' நிரலுக்குள் இருக்கும் பெயர்களைக் காக்கும், டேட்டாபேஸில் இருப்பவற்றை அல்ல. பைத்தானில் இதே வேலையைச் செய்யும் 'கெட்ஆட்ர்', பெயர் இல்லையென்றால் முறையாகப் பிழை எறியும்; மூன்றாவதாக ஒரு மாற்று மதிப்பைக் கொடுத்துவிட்டால் அதுவும் வாய்மூடிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் சதுர அடைப்புக்குள் தரும் பெயரில் எழுத்துப்பிழை நேர்ந்தால் 'அன்டிஃபைன்ட்' வரும், அவ்வளவுதான்.

ஆகவே செயலி தொடங்கும்போதே, டேட்டாபேஸில் உள்ள ஒவ்வொரு பெயரும் நிரலின் வகுப்பில் (கிளாஸில்) இருக்கிறதா என்று பார்க்கவைத்தேன். ஒன்று குறைந்தாலும், எந்தப் பெயர் என்று சொல்லிவிட்டுச் செயலி நின்றுவிடும்.

ஒரு ரிலீஸ் இரவில் அப்படி நின்றது. "அண்ணா, இந்தச் சோதனையை இன்னிக்கு மட்டும் எடுத்துடலாமா?" என்றார் அதே தம்பி. வேண்டாம் என்றேன். பெயரைத் திருத்தக் கால் மணி நேரம் ஆனது.