சுக்கு போட்ட இஞ்சி பியர்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து

தமிழ்நாட்டு எல்லையோரம், பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது கொழிஞ்சாம்பாறை. இங்கே எங்கள் கூட்டத்தில் எல்லாருக்கும் கிராஃப்ட் பியர், அதாவது சிறு ஆலைகளில் தயாரிக்கும் பியர் மேல் பிரியம் உண்டு. பெங்களூரு போய் வருகிறவர்கள் அங்கே குடித்த ஸ்டவுட் என்ற கறுப்பு பியரின் கசப்பையும் கனத்தையும் பற்றிப் பேச ஆரம்பித்தால் ராத்திரி ஆகிவிடும். ஆனால் லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் பியர் தயாரிக்க எல்லைக்கு இந்தப் பக்கமும் சட்டம் விடாது, அந்தப் பக்கமும் விடாது. அதனால் எங்கள் கவனமெல்லாம், இஞ்சியும் இனிப்பும் லேசாக நொதித்து நுரைக்கும் இஞ்சி பியர் பக்கம் போனது. தொண்டையில் நின்று காரம் பேச வேண்டும், நுரை பியர் மாதிரி பொங்க வேண்டும். இந்த இரண்டும்தான் இலக்கு.

முதலில் உறை, அதாவது நொதித்தலைத் தொடங்கி வைக்கும் கலவை. இஞ்சியைத் தோலோடு துருவி, சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்து, வாயில் துணி கட்டி வைத்து, தினமும் கொஞ்சம் இஞ்சியும் சர்க்கரையும் போட்டுக் கிளறினால் சில நாளில் குமிழி விடும். தோலைச் சீவிவிடக் கூடாது. நொதிக்க வைக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் அதில்தான் ஒட்டியிருக்கிறது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அது ஈஸ்டை அமுக்கிவிடும், ஆகவே கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர்தான். இங்கிலாந்தில் இதே வேலைக்கு 'ஜிஞ்சர் பியர் பிளாண்ட்' என்று ஒரு கட்டியை வீட்டுக்கு வீடு பகிர்ந்து வைத்திருந்தார்கள். ஹாரி மார்ஷல் வார்டு என்ற தாவரவியலாளர் அதை ஆராய்ந்து, ஈஸ்டும் பாக்டீரியாவும் சேர்ந்து வாழும் கூட்டு அது என்று 1892-ல் எழுதினார்.

எங்கள் சித்தூர் தாலுகாவில் இதையெல்லாம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நண்பனின் பெரியப்பா ஒரு காலத்தில் தென்னையில் கள் இறக்கியவர். உறைப் பாட்டிலை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, "அடி மண்டியைக் கொட்டிறாதீங்க கண்ணு, அதுலதான் உசுரே இருக்குது" என்றார். அன்றிலிருந்து மண்டியில் கொஞ்சம் அடுத்த முறைக்கு எடுத்து வைக்கிறோம். குமிழி சீக்கிரம் கிளம்புகிறது.

காரம்தான் எங்களை அதிகம் அலையவிட்டது. இஞ்சியை அள்ளிப் போட்டுக் கொதிக்கவிட்டால் வாசம் வருகிறது, உறைப்பு வரவில்லை. காரணம் இதுதான்: பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால் என்ற பொருள். சூட்டில் அதில் ஒரு பங்கு காரம் குறைந்த ஜிஞ்சரோனாக மாறிவிடுகிறது. இஞ்சி காயும்போது ஜிஞ்சரால் ஷோகாலாக மாறுகிறது, அது ஜிஞ்சராலைவிடக் கடுமையானது. சுக்குக் காப்பி குடித்து வளர்ந்த நமக்கு இது நாக்குக்குத் தெரிந்த விஷயம்தானே! இப்போது எங்கள் அளவு, லிட்டருக்கு 60 கிராம் பச்சை இஞ்சி, தட்டிய சுக்கு ஒரு தேக்கரண்டி, கருப்பட்டி 80 கிராம், அரை எலுமிச்சை. இஞ்சியில் பாதியைக் கொதிநீரிலும் மீதியை ஆறிய பிறகும் போடுகிறோம். வெதுவெதுப்பு போனதும் உறை அரை டம்ளர். கருப்பட்டியின் கறுப்பும் லேசான கசப்பும் சேரும்போது ஸ்டவுட் பிரியர்களுக்கே முகம் மலர்கிறது. வெள்ளைச் சர்க்கரையில் இந்த ஆழம் வராது என்பது என் உறுதியான கருத்து.

அப்புறம் கேஸ். இதில் மட்டும் விளையாட்டு கூடாது. 10 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறக்குறைய 5 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 5 கிராம் ஆல்கஹாலும் வரும். ஒரு லிட்டரில் 5 கிராம் வாயு என்பது சாதாரண பியரின் நுரை. நாம் போட்ட இனிப்பு முழுவதும் மூடிய பாட்டிலுக்குள் நொதித்தால் கண்ணாடி வெடித்துவிடும். எனவே லிட்டருக்கு அந்த 10 கிராம் நொதித்ததோடு நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தினால் ஆல்கஹாலும் ஒரு சதவீதத்துக்குள்ளேயே இருக்கும். ஆனாலும் குழந்தைகளுக்குக் கொடுப்பதில்லை.

எப்போது நிறுத்துவது என்று தெரிந்துகொள்ள, ஒவ்வொரு முறையும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலையும் நிரப்பி மற்றவற்றோடு வைக்கிறோம். அதை விரலால் அமுக்கினால் கல் மாதிரி இருக்க வேண்டும். இருந்தால் உடனே எல்லாவற்றையும் ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிட வேண்டும். குளிரில் ஈஸ்ட் தூங்குவதால் வேகம் அடங்கும். நாற்பது டிகிரியைத் தொடும் சித்திரை வெயிலில் ஒரே நாளில் பாட்டில் இறுகிவிடுகிறது. மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும்.

போன வாரம் திறந்தது இதுவரை வந்ததிலேயே நல்லது. மூடியைத் திறந்ததும் நுரை கழுத்து வரை ஏறி நின்றது, காரம் விழுங்கிய பிறகும் தொண்டையில் இருந்தது. மலையாளி நண்பர் ஒருவர் காந்தாரி மிளகாய் கீறிப் போடலாம் என்கிறார். எனக்கு அது இஞ்சியை மறைத்துவிடும் என்று தோன்றுகிறது. சரி, ஒரு பாட்டிலில் மட்டும் போட்டுப் பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது.