58 யூரோ டிக்கெட்டும் 60 யூரோ அபராதமும்

ரயிலில் பரிசோதகர் அச்சிட்டுக் கொடுத்த அந்தச் சீட்டு இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. அபராதம் 60 யூரோ. என் கணவருக்கு டிக்கெட் வாங்கியாகியிருந்தது. அதற்கான பணம் மகளின் வங்கிக் கணக்கிலிருந்து போயும் இருந்தது. ஆனாலும் அன்றைக்கு அந்த ரயிலில் அவர் டிக்கெட் இல்லாத பயணி. செங்கல்பட்டிலிருந்து சென்னைக்கு 34 ஆண்டுகள் சீசன் டிக்கெட்டில் வேலைக்குப் போய்வந்தவர், ஒரு நாள்கூட டிக்கெட் இல்லாமல் வண்டி ஏறாதவர். எதிர் இருக்கைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. ஜெர்மனியில் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோர் யாருக்கும் இப்படி நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2025 ஏப்ரல் கடைசியில் மியூனிக்கில் பாசிங் பகுதியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனோம். ஜூலை 4 அன்று திரும்புவதாகத் திட்டம். போன இரண்டாம் நாளே மகள் எங்கள் இருவருக்கும் டாய்ச்லான்ட் டிக்கெட்டைக் கைபேசிச் செயலியில் வாங்கிவிட்டாள். நிறுத்தச் சொல்லும்வரை மாதாமாதம் தொடரும் சந்தா டிக்கெட் அது. அப்போது ஆளுக்கு மாதம் 58 யூரோ. 2023 மே மாதம் தொடங்கியபோது 49ஆக இருந்தது. 2026 ஜனவரியிலிருந்து 63 ஆகிவிட்டது. நாடு முழுவதும் வட்டார ரயில், எஸ்-பான் என்ற புறநகர் ரயில், யு-பான் என்ற மெட்ரோ, டிராம், நகரப் பஸ், கிராமத்துப் பஸ் என எதில் வேண்டுமானாலும் ஏறலாம். ஐசிஇ, ஐசி போன்ற தொலைதூர ரயில்களிலும் தனியார் நெடுந்தூரப் பஸ்களிலும் செல்லாது.

மே மாதம் பொற்காலம். கார்மிஷ், மிட்டன்வால்ட், ரேகன்ஸ்பர்க், நியூரம்பர்க் என்று தினம் ஓர் ஊர். காலையில் தயிர்சாதம் கட்டிக்கொண்டு கிளம்பினால் இரவு வீடு. சால்ஸ்பர்க் ஆஸ்திரியாவில் இருந்தாலும், அந்த ஊர் ரயில் நிலையம் வரை வட்டார ரயிலில் இதே டிக்கெட் செல்லும். அங்கே இறங்கியபின் நகரப் பஸ்ஸில் செல்லாது. அதே தடத்தில் ஓடும் ரெயில்ஜெட் என்ற சிவப்பு விரைவு வண்டியிலும் செல்லாது. சால்ஸ்பர்க்கிலிருந்து திரும்பும்போது எல்லையில் போலீசார் ஏறிப் பாஸ்போர்ட் கேட்பார்கள். அன்றைக்கு மட்டும் அசல் பாஸ்போர்ட்டுகளை எடுத்துப் போயிருந்தோம். மற்ற நாட்களில் தொலைந்துவிடுமோ என்ற பயத்தில் நகல்தான். இந்தப் பயமே பின்னால் எங்களைக் கடித்தது.

ஜூன் 1 ஞாயிற்றுக்கிழமை. நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையைப் பார்க்க ஃபியூஸன் ஊருக்குக் கிளம்பினோம். சுமார் இரண்டு மணி நேரப் பயணம். புக்லோவே தாண்டியதும் பசும்புல் மேடுகளும் மாடுகளும் தொடங்கும். அந்த இடத்தில்தான் பரிசோதகர் வந்தார். இளைஞர், நன்றாகவே பேசினார். என் கைபேசியை நீட்டினேன். ஸ்கேன் செய்தார், நன்றி சொன்னார். என் கணவர் செயலியைத் திறந்தார். திரையில் மே மாத டிக்கெட் சாம்பல் நிறத்தில் கிடந்தது. செல்லுபடியாகும் கடைசி நாள் 31.05.2025.

நடந்தது இதுதான். இந்த டிக்கெட் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி புதிதாகச் செயலிக்குள் இறங்க வேண்டும். அதற்கு இணைய இணைப்பு வேண்டும். எங்கள் இருவர் கைபேசியிலும் ஜெர்மன் சிம் கிடையாது. வீட்டு வைஃபையை நம்பியே காலத்தை ஓட்டினோம். காலையில் கிளம்புவதற்குமுன் நேரம் பார்க்கிற சாக்கில் நான் செயலியைத் திறந்திருந்தேன், என்னுடையது இறங்கிவிட்டது. அவர் திறக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

“சந்தா தொடர்கிறது, பணம் கட்டியாகிவிட்டது” என்று ஆங்கிலத்தில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மகள் அனுப்பியிருந்த திரைப்பிடிப்பைக் காட்டினேன். திரைப்பிடிப்பு டிக்கெட் ஆகாது என்றார். அடையாள அட்டை கேட்டார். பாஸ்போர்ட் நகலைக் கொடுத்தோம். அதற்கும் முகம் சுளித்தார். டிக்கெட் தனிநபர் பெயரில் இருப்பதால் புகைப்படத்துடன் கூடிய அசல் ஆவணம் கையில் இருக்க வேண்டும் என்றார். பிறகு இடுப்பில் தொங்கிய சிறிய இயந்திரத்தில் பெயரைத் தட்டி, அந்தச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

சீட்டு வெளியே வந்த மறு நிமிடம், பக்கத்து இருக்கையில் இருந்த மாணவி ஒருத்தி தன் கைபேசியின் இணையத்தைப் பகிர்ந்து கொடுத்தாள். பத்தே விநாடியில் ஜூன் மாத டிக்கெட் வந்து நின்றது. பரிசோதகர் அதையும் பார்த்தார். ஆனால் அச்சிட்ட சீட்டைத் தன்னால் திரும்பப் பெற முடியாது, ஒரு வாரத்துக்குள் ரயில் நிறுவன அலுவலகத்தில் காட்டினால் 7 யூரோவாகக் குறைப்பார்கள் என்று சொல்லி நகர்ந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இப்படிப் பக்கத்தில் இருப்பவரிடம் இணையம் கேட்கலாம் என்று ஐந்து நிமிடம் முன்னால் எனக்குத் தோன்றவில்லையே என்பதுதான் வருத்தம். கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். அங்கே யாரும் தவறாக நினைப்பதில்லை.

கோட்டைக்குப் போகும் பஸ்ஸிலும் அதே டிக்கெட்தான். கோட்டையைப் பார்த்தோம். என்ன பார்த்தோம் என்று கேட்டால் அவருக்கு எதுவும் நினைவில்லை.

அலுவலகப் படலம் அடுத்த நாள் தொடங்கியது. வரிசை எண் வாங்கி முக்கால் மணி நேரம் காத்திருந்து, கவுன்ட்டரில் ஜூன் மாத டிக்கெட்டைக் காட்டினோம். அந்த அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “இது இன்றைக்கு இருக்கிறது. நேற்று அந்த நேரத்தில் இருந்தது என்பதற்கு என்ன சான்று?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். பிடிபட்ட பிறகு வாங்கிய டிக்கெட்டைக் காட்டி யாரும் தப்பிவிடக் கூடாது அல்லவா? ஆனால் என்ன சான்று வேண்டும் என்று சீட்டில் ஒரு வரி போட்டிருந்தால் எங்கள் அலைச்சல் மிச்சமாகியிருக்கும். சந்தா எந்தத் தேதியில் தொடங்கியது என்று குறிப்பிட்டு, விற்ற நிறுவனம் அனுப்பிய உறுதிக் கடிதம்தான் வேண்டுமாம். மகளுடைய மின்னஞ்சலில் அது ஏப்ரலிலிருந்தே இருந்தது. வெறுங்கையுடன் வீடு திரும்பினோம்.

வியாழக்கிழமை மறுபடியும் போனோம். இந்த முறை மகளும் வந்தாள். கடிதம் அச்சிட்டு இருந்தது, அசல் பாஸ்போர்ட்டும் இருந்தது. இரண்டையும் சீட்டோடு சேர்த்து வைத்துப் பார்த்த அதே அம்மா சொன்னார்: “இவர்கள் இரண்டு வேறு ஆட்கள்.”

நம் பெயர்களின் கதை தெரியாதவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். என் கணவரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலி. அதற்குக் கீழே ஒரே வரியில் முதலில் மாமனார் பெயர், அடுத்து இவர் பெயர். செயலியோ குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போகாது. அதனால் மகள் இவர் பெயரை முதற்பெயராகவும் தாத்தா பெயரைக் குடும்பப் பெயராகவும் போட்டிருந்தாள். ரயிலில் பரிசோதகர் பாஸ்போர்ட் வரிசைப்படியே எழுதியதால் மாமனார் முதற்பெயர் ஆனார், என் கணவர் குடும்பப் பெயர் ஆனார். டிக்கெட்டில் ஒருவர், சீட்டில் அவரைத் தலைகீழாக்கிய இன்னொருவர்.

மகள்தான் பொறுமையாக விளக்கினாள். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரைத்தான் முன்னால் சேர்ப்போம் என்று ஜெர்மனில் சொன்னாள். அந்த அம்மா உள்ளே போய் மேலதிகாரியை அழைத்துவந்தார். அவர் பெயரைவிட்டுப் பிறந்த தேதியைப் பார்த்தார். கடிதம், பாஸ்போர்ட், சீட்டு மூன்றிலும் ஒரே தேதி. தலையை ஆட்டினார். 7 யூரோ கட்டினோம், ரசீது வாங்கினோம். வெளியே வந்ததும் என் கணவர் கேட்ட முதல் கேள்வி, “இனி என் பெயரில் குற்றம் எதுவும் இல்லையே?” என்பதுதான். இல்லை என்று மகள் இரண்டு முறை சொன்ன பிறகே படியிறங்கினார்.

டிக்கெட் வாங்கும்போது பெயரை எப்படிப் போடுவது என்று எங்களைப்போலத் திணறுகிறவர்களுக்கு: பாஸ்போர்ட்டில் சொற்கள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அந்த வரிசையிலேயே போடுங்கள். முதல் சொல் முதற்பெயர், கடைசிச் சொல் குடும்பப் பெயர். அது தகப்பன் பெயரை மகனின் முதற்பெயர் ஆக்கினாலும் பரவாயில்லை. பிறந்த தேதியில் மட்டும் தவறு வரவே கூடாது.

இந்த வெற்றியின் மயக்கத்தில் அடுத்த பள்ளத்தில் விழுந்தோம். எங்களுக்கு மே, ஜூன் இரண்டு மாதங்களுக்கே டிக்கெட் போதும். ஜூலையில் நான்கு நாட்கள்தானே, தனித்தனியாக வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணியிருந்தோம். அபராதம் குறைந்த அதே கவுன்ட்டரில், “ஜூன் முடிவோடு இதை நிறுத்திவிட முடியுமா?” என்று கேட்டேன். முடியாது, யார் விற்றார்களோ அவர்களிடம்தான் நிறுத்த வேண்டும் என்றார்கள். டிக்கெட்டுக்கு நாடு முழுவதும் ஒரே பெயர், ஒரே விலை. ஆனால் விற்பவர்கள் ஏராளம். ஒருவர் விற்றதை மற்றவர் தொடமாட்டார். சரி, வீட்டுக்குப் போய்ச் செயலியில் செய்துகொள்ளலாம் என்று வந்தோம். அடுத்து ஒரு நீண்ட வார இறுதி, 9ஆம் தேதி திங்கட்கிழமை விடுமுறை, மகள் வீட்டில் விருந்தாளிகள். 12ஆம் தேதிதான் நினைவு வந்தது.

அந்த மாத முடிவோடு நிறுத்த வேண்டுமானால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும். இரண்டு நாள் தாமதம். செயலி ஜூலை 31 என்று தேதி காட்டியது. இரண்டு பேருக்கும் 116 யூரோ, நான்கு நாட்களுக்கு. தொலைபேசியில் அழைத்து, முதியவர்கள், ஊருக்குத் திரும்புகிறார்கள் என்று மகள் கெஞ்சிப் பார்த்தாள். விதி விதிதான் என்று முடித்துவிட்டார்கள்.

நிறுத்தும் பொத்தானைத் தேடிப் பிடிப்பதும் ஒரு வேலை. இணையத்தில் விற்கும் சந்தாவை இணையத்திலேயே நிறுத்த ஒரு பொத்தான் இருக்க வேண்டும் என்று 2022 ஜூலையிலிருந்து அங்கே சட்டம் இருக்கிறது. இருக்கிறது, ஆனால் பக்கத்தின் அடியில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில். வாங்கிய அன்றே அது எங்கே இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பும் தேதி தெரியும் என்றால், தாமதிக்காமல் முன்கூட்டியே நிறுத்தல் கோரிக்கையைப் போட்டுவிடுங்கள். உறுதி மின்னஞ்சல் வந்ததா என்றும் பாருங்கள்.

வழியில் பட்ட இன்னும் இரண்டு விஷயங்கள். டேகர்ன்சே ஏரிக்குப் போகும் ரயில் மியூனிக்கில் ஒன்றாகக் கிளம்பி, ஹோல்ஸ்கிர்ஷனிலும் ஷாஃப்ட்லாக்கிலும் பிரிந்து மூன்று ஊர்களுக்குப் போகிறது. நாங்கள் உட்கார்ந்திருந்த பெட்டி லெங்கிரீஸ் பக்கம் திரும்பிவிட்டது. பாட் டியோல்ஸில் இறங்கி, ஈசார் ஆற்றங்கரையில் சாப்பிட்டுவிட்டு ஷாஃப்ட்லாக்குக்குத் திரும்பி வண்டி மாறினோம். எல்லாத் தடத்திலும் டிக்கெட் செல்லும் என்பதால் பணம் போகவில்லை. ஏறும்முன் நடைமேடைப் பலகையை மட்டும் நம்பாமல், ஏறுகிற பெட்டியின் வெளியே ஒளிரும் ஊர்ப்பெயரைப் படியுங்கள்.

லிண்டாவிலிருந்து திரும்பியபோது எங்கள் ரயில் ரத்தானது. அடுத்து வந்த சூரிச்–மியூனிக் விரைவு ரயிலில் ஏறலாமா என்று கேட்டோம். முழு விலை டிக்கெட்காரர்களுக்கு இப்படித் தாமதமானால் விரைவு ரயிலில் ஏறும் உரிமை உண்டு. சலுகை விலையில் வாங்கும் எங்கள் டிக்கெட்டுக்கு அந்த உரிமை இல்லை. பெஞ்சில் காத்திருந்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் இழப்பீடு 1.50 யூரோ, அதுவும் மொத்தம் 4 யூரோ சேர்ந்தால்தான் கொடுப்பார்கள். மூன்று முறை தாமதமான பிறகு விண்ணப்பிக்கலாம். நாங்கள் விண்ணப்பிக்கவில்லை. இரவு வீடு திரும்ப வேண்டிய பயணத்தில் கடைசி ரயிலை நம்பாதீர்கள், அதற்கு முந்தையதைப் பிடியுங்கள்.

ஜூலை 1 காலை ஆறு மணிக்கே என் கணவர் எழுந்து, வைஃபை இருக்கிற கூடத்தில் நின்றுகொண்டு இரண்டு கைபேசிகளிலும் செயலியைத் திறந்துவிட்டார். கட்டிய பணத்துக்காக மூன்று நாட்களும் சுற்றினோம். நான்காம் தேதி விமான நிலையத்துக்கு எஸ்-பானில் போனபோது பாதி வழியில் சாதாரண உடையில் இருவர் எழுந்து அட்டையைக் காட்டினார்கள், பரிசோதகர்கள். அவர்கள் எங்கள் இருக்கைக்கு வருவதற்குள் இவர் இரண்டு கைபேசிகளையும் இரண்டு பாஸ்போர்ட்டுகளையும் மடியில் வரிசையாக வைத்துவிட்டார். ஸ்கேன் செய்தவர் பாஸ்போர்ட்டைத் தொடவே இல்லை. “பாருங்கள், பார்த்துக்கொள்ளுங்கள்” என்று இவர்தான் பக்கத்தைத் திருப்பி அவரிடம் நீட்டினார்.