மெரினா மரப்பாதையின் இரு முனைகள்

சக்கர நாற்காலியின் பெரிய சக்கரங்களைக் கைகளால் எவ்வளவு வலிந்து சுழற்றினாலும், மெரினாவின் உலர்ந்த மணலில் அது முன்னேறாது. முன்னாலிருக்கும் சிறு சக்கரங்கள் மணலுக்குள் புதைய, பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே குழி பறிக்கும். நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்து இழுக்க ஆளிருந்தால் மட்டுமே அலைவரை போக முடியும் என்பதால், என்னைப் போன்றவர்களுக்குக் கடல் நெடுங்காலம் காமராஜர் சாலையிலிருந்து பார்க்கும் காட்சியாகவே இருந்தது.

அந்தத் தொலைவும் இயற்கையாக அமைந்ததன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்ட துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தது. அம்மணல் தெற்கே சேர்ந்துகொண்டே போனதால்தான் மெரினா இவ்வளவு அகன்றது.

முன்பெல்லாம் டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் நாளையொட்டிச் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போட்டுக் கழற்றிவிடுவார்கள். நிரந்தரப் பாதை வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் விடாமல் கேட்டுவந்த பிறகு, 2022 நவம்பர் 27 அன்று, விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, சுமார் 1.14 கோடி ரூபாய் செலவில் 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. எனக்குப் பிடித்தது அதன் 3 மீட்டர் அகலம்: உடன் வருபவர் பின்னால் தள்ளிக்கொண்டு வராமல், பக்கத்தில் பேசிக்கொண்டே நடந்துவரலாம்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயலில் அதன் கடலோர முனை சேதமடைந்தது. வரிப்பணம் வீணாயிற்று என்று எழுந்த ஏளனம் எனக்கு எரிச்சலூட்டியது. மழையில் சாலை அரித்துப்போனால் அதைச் சீரமைக்கச் சொல்கிறோமே தவிர, சாலையே எதற்கு என்று எவரும் கேட்பதில்லை. பாதை பின்னர் சீரமைக்கப்பட்டது. ஆனாலும் கடலை ஒட்டிய கடைசிப் பகுதியை மட்டுமாவது, புயல் எச்சரிக்கை வந்ததும் கழற்றி எடுத்துவைக்கக்கூடிய துண்டுகளாகவோ, வேறு பல நாட்டுக் கடற்கரைகளில் விரிக்கப்படும் சுருட்டு விரிப்புகளாகவோ அமைப்பதே அறிவுடைமை என்பது என் கருத்து.

மறு முனையைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. வீட்டிலிருந்து தாழ்தளப் பேருந்து கிடைக்க வேண்டும், நிறுத்தத்திலிருந்து நடைமேடை உடையாமல் தொடர வேண்டும், பாதையின் வாயிலை யாரும் வண்டி நிறுத்தி மறிக்காதிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நாற்காலியோடு உள்ளே போய்த் திரும்பக்கூடிய கழிப்பறை அருகிலேயே இருக்க வேண்டும். அது கிடைக்குமா என்று தெரியாததால் வெளியே கிளம்பும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் பலரை நான் அறிவேன். பொது இடங்களுக்கான அணுகல்தன்மை விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் கூறிவிட்டது. அடுத்த கடற்கரையில் பாதை கேட்கும்போது, கழிப்பறையையும் பேருந்து நிறுத்தத்தையும் அதே திட்ட மதிப்பீட்டுக்குள் சேர்க்கும்படி கேட்கலாம்.