கழி இருக்கிறது, படகு இல்லை

பழவேற்காட்டில் நண்பனின் சின்ன ஃபைபர் படகைக் கரையோரத்தில் ஊன்றியிருந்த மரக்கழியில் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனோம். கட்டியது நான்தான். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட க்ளோவ் ஹிட்ச் முடிச்சு, கழியில் குறுக்காக இரண்டு சுற்று, இரண்டாவது சுற்றுக்கு அடியில் நுனியைச் செருகி இழுத்தால் முடிந்தது, பார்க்கவும் அழகு. திரும்பி வந்தால் கழி இருக்கிறது, படகு இல்லை. கொஞ்சம் தள்ளி சேற்றில் தட்டி நின்றதால் தப்பித்தோம்.

படகு சும்மா நிற்காது இல்லையா, அலைக்கு ஒரு பக்கம் இழுக்கும், காற்றுக்கு இன்னொரு பக்கம் திரும்பும், ஒவ்வொரு அசைவுக்கும் அந்த முடிச்சு துளித்துளியாக உருண்டு நுனியை விட்டுக்கொண்டே இருக்கும். போதாததற்கு எங்களுடையது வழவழவென்ற நீல பாலிப்ரொப்பிலீன் கயிறு. விலை குறைவு, தண்ணீரில் மிதக்கும், ஆனால் முடிச்சு அதில் பிடித்து நிற்காது, வெயிலிலேயே கிடந்தால் நாரும் உதிரும்.

வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சிரித்தார். "தம்பி, அது ஆட்டைக் கட்டுற கட்டு. ஆடு போனா கத்தும், படகு கத்தாது." எழுந்து வந்து கழியை இரண்டு தடவை சுற்றினார், அப்புறம் படகுக்குப் போகும் கயிற்றின் மேலேயே நுனியை வளைத்து இரண்டு அரைமுடிச்சு. அவ்வளவுதான். பாரம் முழுக்கச் சுற்றில் இறங்கிவிடுகிறது, அரைமுடிச்சு வெறும் காவல், அதனால் படகு இழுத்துக்கொண்டிருக்கும்போதே அவிழ்க்கலாம். கயிற்று நுனியில் சுருங்காத வளையம் போடும் பவ்லைன் முடிச்சில் அந்த வசதி கிடையாது.

ஆனாலும் படகின் முன்முனையான அணியத்தில் இருக்கும் வளையத்துக்கு நான் பவ்லைன்தான் போடுகிறேன். கயிற்றில் ஒரு சின்னக் கண் வளைத்து, நுனியை அடியிலிருந்து அதற்குள் ஏற்றி, நீளக் கயிற்றின் பின்னால் சுற்றி, வந்த கண்ணுக்குள்ளேயே இறக்கி இறுக்க வேண்டும். எவ்வளவு இழுத்தாலும் கயிற்று வளையம் சுருங்காது, பாரம் போனதும் கையால் பிரித்துவிடலாம். தளர்ந்து ஆடினால் கழன்றுவிடும், அதனால் நுனி ஒரு சாணாவது மிச்சம் விடுங்கள்.

தயவுசெய்து மூட்டை கட்டும் முடிச்சால் இரண்டு கயிற்றை இணைக்காதீர்கள். ஒரு நுனியைப் பக்கவாட்டில் வெடுக்கென இழுத்தாலே அது புரண்டு உருவிக்கொள்ளும்.

இப்போது வீட்டு ஜன்னல் கம்பியில் எப்போதும் ஒரு துண்டுக் கயிறு தொங்குகிறது. கண்ணை மூடிக்கொண்டு பவ்லைன் பத்துக்கு ஏழு தடவை வருகிறது.