வானம்பாடியா, ராபினா?

“மாமா, நீங்கள் உட்கார்ந்து பார்த்தால் மட்டும் போதும்” என்று உறுதி கொடுத்துத்தான் அக்கா மகள் என்னைச் சியாட்டில் நகரத்து இசை விழா ஒன்றுக்கு அழைத்துப் போனாள்.

உட்கார்ந்து பார்ப்பதில் எனக்கு நாற்பது ஆண்டு அனுபவம். சபாவில் தொடையில் தாளம் போடுவேன். தப்பினால் பக்கத்து இருக்கைக்காரரின் கையைப் பார்த்துச் சேர்ந்துகொள்வேன். பாட மட்டும் மாட்டேன். பத்து வயதில், நான்கு கீதங்களோடு என் சங்கீதம் முடிந்தது. “பையனுக்குக் குரல் ஒத்துழைக்கவில்லை, ஆண்டவன் வேறு ஏதாவது வைத்திருப்பான்” என்று பாட்டு வாத்தியார் அம்மாவிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அந்த ‘வேறு ஏதாவது’ கணக்கெழுதும் உத்தியோகமாகப் போயிற்று.

மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை, போரில் உயிர்விட்ட வீரர்களை நினைவுகூர அமெரிக்காவில் விடுமுறை. அதற்கு முந்தைய வெள்ளி தொடங்கி அந்தத் திங்கள் வரை நான்கு நாள், நகரத்தின் நடுவே சியாட்டில் சென்டர் என்ற பூங்கா வளாகத்தில் நார்த்வெஸ்ட் ஃபோக்லைஃப் விழா நடக்கிறது. 1972இல் தொடங்கிய விழா. கொரோனா காலத்தில் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகள் இணையத்துக்குள் ஒடுங்கிக் கிடந்தது. டிக்கெட் கிடையாது. மனமிருந்தால் வாசலில் நன்கொடை கொடுக்கலாம்.

நாங்கள் போனது ஞாயிற்றுக்கிழமை. வெஸ்ட்லேக்கில் மோனோரயில் ஏறினோம். ஒரு மைலுக்குச் சற்றுக் குறைந்த தூரம். வசதியான இருக்கையாகப் பார்த்து உட்காருவதற்குள் இறங்கச் சொல்லிவிட்டார்கள். 1962 உலகக் கண்காட்சிக்காகப் போட்ட பாதை அது. அதே கண்காட்சிக்குக் கட்டியதுதான் ஸ்பேஸ் நீடில் என்ற 605 அடிக் கோபுரம். “தொலைந்துபோனால் கோபுரத்தைப் பார்த்து வந்துவிடுங்கள்” என்றாள் அக்கா மகள். எல்லாப் பக்கமிருந்தும் ஒரே மாதிரி தெரிகிற கோபுரத்தை வைத்துக்கொண்டு திசை கண்டுபிடிக்க முடியாது என்பது இரண்டாவது முறை தொலைந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

எந்த மேடையில் எத்தனை மணிக்கு யார் என்று முந்தின இரவே ஒரு தாளில் கட்டம் போட்டுக் குறித்து வைத்திருந்தேன். பழைய தொழில் பழக்கம். மதியத்துக்குள் அந்தத் தாளை மடித்து ஈரப் பெஞ்சைத் துடைத்தேன். ஒரு மேடையிலிருந்து இன்னொரு மேடைக்குப் போகிற வழியில் பத்தடிக்கு ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தால் நேரத்துக்கு எங்கே போய்ச் சேர்வது? எட்டு வயதுப் பையன் ஒருவன், வயலின் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, போவோர் வருவோரை நிமிர்ந்தும் பார்க்காமல் வில்லை இழுத்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் தள்ளி, ஒருவர் ரம்பத்தை முழங்கால்களுக்கிடையே வளைத்துப் பிடித்து வில்லால் தேய்த்து அழவைத்துக்கொண்டிருந்தார்.

மரத்தடியில் ஏழெட்டுப் பேர் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசித்தார்கள். பிடிலும் பாஞ்சோவும் கிதாரும். எல்லாருடைய முதுகும் எங்களைப் பார்த்து இருந்தது. கேட்க வந்தவனுக்கு முதுகைக் காட்டுகிறார்களே என்று முதலில் எனக்குச் சுருக்கென்றது. ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். பத்து முறை வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன். திடீரென்று பிடில்காரர் ஒரு காலைத் தரையிலிருந்து தூக்கினார். காலில் ஏதோ கடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அந்தச் சுற்று முடிந்ததும் அத்தனை பேரும் கத்தரித்தாற்போல் நிறுத்தினார்கள். ‘இதுதான் கடைசிச் சுற்று’ என்பதற்கு அந்தக் கால்தான் அடையாளமாம். கை இரண்டும் வாத்தியத்தில் இருக்கும்போது வேறு எதைத் தூக்குவது?

அப்போது தோளில் பாஞ்சோவோடு ஒரு பெண் வந்து நின்றாள். யாரும் பெயர் கேட்கவில்லை, யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று விசாரிக்கவில்லை. இரண்டு நாற்காலிகள் நகர்ந்து ஒரு இடைவெளி விழுந்தது. உட்கார்ந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: எந்தச் சுருதி?

அந்த முதுகுகள் மேல் எனக்கிருந்த வருத்தம் போய்விட்டது. அவர்கள் எனக்காக வாசிக்கவில்லை, அவ்வளவுதான். ஒலிபெருக்கி வைத்த பெரிய மேடைகளும் இருந்தன. பால் ஹோரியுச்சி 1962இல் கண்ணாடித் துண்டுகளால் செய்த 60 அடிச் சுவரோவியத்தின் முன்னால் ஒரு மேடை. புல்தரையில் ஆயிரக்கணக்கில் மக்கள். நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். நன்றாகவே இருந்தது. ஆனால் காது அந்த மரத்தடியிலேயே நின்றுவிட்டது.

நீரூற்றுப் பக்கம், மரக்கட்டைகளைக் கோலால் அடித்து வாசிக்கிற மரிம்பாக் குழு ஒன்று. பத்துப் பதினைந்து பேர், பெரும்பாலும் வெள்ளைக்காரப் பள்ளிப் பிள்ளைகள், வாசித்தது ஜிம்பாப்வே இசை. இது இங்கே எப்படி வந்தது என்று கேட்டால் அதற்கு ஒரு மனிதரைக் காட்டுகிறார்கள். டுமிசானி மராய்ரே 1968இல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்க வந்தார். அவரிடம் கற்றவர்கள் பிறருக்குக் கற்றுக்கொடுக்க, இந்த வட்டாரம் முழுவதும் மரிம்பாக் குழுக்கள் முளைத்துவிட்டன. இந்த மரிம்பாவே காட்டில் பிறந்த வாத்தியம் அல்ல. புலவாயோ நகரத்து இசைக் கல்லூரி ஒன்றில் 1960களில் உருவானது. கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன். மரக்கட்டை ஒவ்வொன்றின் கீழும் ஒரு குழாய். குழாயின் அடியில் சிறு துளை. துளைமேல் மெல்லிய தாள் போல ஏதோ ஒட்டியிருந்தது. கட்டையை அடித்தால் நாதத்தோடு ஒரு ‘ஸ்ஸ்’ என்ற அதிர்வும் சேர்ந்து வருகிறது. ‘ஜீவா’ என்ற நூல் வைத்த தம்புராவில் கேட்கிற அதே ரீங்காரம். அங்கே தந்திக்கடியில் அந்த நூல் செய்கிற வேலையை இங்கே ஒரு தாள் செய்கிறது. சுத்தமான நாதம் மட்டும் போதாது, கூடவே ஒரு வண்டும் வேண்டும் என்று இரண்டு ஊர்க்காரர்களுக்கும் தோன்றியிருக்கிறது.

மூன்று மணிக்கு மழை தூறியது. ஒதுங்கலாம் என்று பெரிய கூடம் ஒன்றுக்குள் நுழைந்ததுதான் நான் செய்த தவறு. உள்ளே கான்ட்ரா நடனம். நீளவாட்டில் எதிரெதிர் வரிசைகள், மேடையில் பிடில் குழு, மைக்கில் அடவு சொல்லிக்கொடுக்க ஒருவர். சுவரோரம் நின்றவனை யாரோ கையைப் பிடித்து வரிசைக்குள் இழுத்துவிட்டார்கள். அக்கா மகள் உதவிக்கு வரவில்லை. தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“வானம்பாடியா, ராபினா?” என்றார் எனக்கு ஜோடியாக வாய்த்தவர். எழுபது தாண்டிய, வெள்ளைத் தாடிக்காரர். விழித்தேன். முன்பெல்லாம் ஆண் ஆடும் பக்கம், பெண் ஆடும் பக்கம் என்று இருந்ததாம். இப்போது யாரும் எந்தப் பக்கமும் ஆடலாம் என்பதால் இடப்பக்கத்துக்கு வானம்பாடி, வலப்பக்கத்துக்கு ராபின் என்று பறவைப் பெயர் வைத்துவிட்டார்கள். ஓய்வு பெற்ற வயதில் நான் வானம்பாடி ஆனேன்.

முதலில் பாட்டில்லாமல் ஒருமுறை நடந்து காட்டினார்கள். பிறகு இசை. அறுபத்து நான்கு எண்ணிக்கைக்கு ஒரு சுற்று. சுற்று முடிந்ததும் ஜோடியோடு ஒரு இடம் நகர்ந்து, புதிதாக எதிரே வருகிற இரண்டு பேரோடு அதையே மறுபடியும். ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சுழலும்போது கூடமே சுற்றியது. “என் மூக்கைப் பாருங்கள், தலை சுற்றாது” என்றார் தாடிக்காரர். பார்த்தேன். உண்மைதான். மூக்கு மட்டும் அசையாமல் நின்றது. மற்ற உலகம் கலங்கி ஓடியது.

எங்கள் தெருப் பெண்கள் பின்னல் கோலாட்டம் ஆடுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். ஒருத்தி தப்பினால் உத்தரத்திலிருந்து தொங்கும் கயிறுகள் எல்லாம் சிக்கிக்கொள்ளும், பிறகு வசவுதான். அந்தப் பயம் எனக்குள் இருந்தது. இங்கே நான் நான்கு முறை தவறான வரிசையில் போய் நின்றேன். ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு கை என் தோளைத் தொட்டு, ஆட்டம் நிற்காமலே, சரியான இடத்துக்குத் திருப்பிவிட்டது. ஏழெட்டுச் சுற்றுக்குப் பிறகு அடவு சொல்கிறவர் சொல்வதைக் குறைத்தார். அப்புறம் சொல்லவே இல்லை. அவர் நிறுத்தியதை நான் கவனித்ததே ஐந்தாறு சுற்று கழித்துத்தான். கால் தானாகப் போய்க்கொண்டிருந்தது.

அதன்பின் ஒரு அறையில் உட்காரப் போனேன். உட்கார மட்டும்தான். உள்ளே நாற்காலிகளைச் சதுரமாக, நடுவை நோக்கிப் போட்டிருந்தார்கள். பார்வையாளர் வரிசை என்று ஒன்று இல்லை. சேக்ரட் ஹார்ப் என்று இந்தப் பாட்டுமுறைக்குப் பெயர். ‘புனித யாழ்’ என்று மொழிபெயர்த்துக்கொண்டு யாழைத் தேடினேன். யாழும் இல்லை, வேறு வாத்தியமும் இல்லை; 1844இல் ஜார்ஜியாவில் இருவர் தொகுத்த பாட்டுப் புத்தகத்தின் பெயர் அது. புதியவர்கள் டெனார் என்ற குரல் பகுதியில் உட்கார வேண்டும், மெட்டு அங்கேதான் இருக்கும் என்று ஒரு பாட்டி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் புத்தகத்தை இருவருக்கும் நடுவே பிடித்தார்.

பக்கத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சுரங்கள் முக்கோணம், வட்டம், சதுரம், சாய்சதுரம் என்று வடிவம் வடிவமாக இருந்தன. முக்கோணம் ‘ஃப’, வட்டம் ‘ஸொல்’, சதுரம் ‘ல’, சாய்சதுரம் ‘மி’. ஏழு சுரத்துக்கு நான்கே பெயர். ச ரி க என்பதற்கும் ஃப ஸொல் ல, ம ப த என்பதற்கும் ஃப ஸொல் ல. மிஞ்சிய நி மட்டும் மி. குழப்பம்போலத் தோன்றினாலும் காரணம் இருக்கிறது: சங்கராபரணத்தில் ச ரி க போகிற இடைவெளிகளில்தான் ம ப த போகிறது. அதைவிட ஆச்சரியம், முதலில் வார்த்தை இல்லாமல் இந்தச் சுரப்பெயர்களை மட்டும் பாடுகிறார்கள், அதன்பிறகே சாகித்தியம். கீதம் சொல்லிக்கொடுக்கிற அதே முறை. நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் நான் நிறுத்திய இடம்.

பாட்டெல்லாம் சாவு, கல்லறை, மறுகரை என்றே இருந்தன. பாடியதோ தேர் இழுக்கிற சத்தத்தில். நான்கு பக்கமிருந்தும் குரல் வந்து நடுவில் மோதியது. மென்மையாகப் பாடுவது என்ற பேச்சே இல்லை. பாட்டி விரலால் வரியைக் காட்டிக்கொண்டே போனார். அவர் குரலும் ஒன்றும் தேன் அல்ல. இரண்டாம் பாட்டில் வாய் திறந்தேன். ‘ஸொல்’ என்ற இடத்திலெல்லாம் எனக்குப் ‘ப’ என்றும் ‘ரி’ என்றும் வந்தது. பாட்டி திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை, நெஞ்செலும்பில் அதிர்வதுதான் தெரிந்தது. மூன்றாம் பாட்டில் இன்னும் சத்தமாகப் பாடினேன்.

எத்தனை பாட்டு என்று எண்ணவில்லை. வெளியே வந்தபோது மணி எட்டரை, வெயில் இன்னும் கோபுரத்து உச்சியில் இருந்தது. நீரூற்றில் குழந்தைகள் நனைந்துகொண்டிருந்தார்கள். அக்கா மகள் கதவருகே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மோனோரயிலில் மட்டும், “மாமா, அந்த மூக்குத் தாத்தா படத்தை அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன்” என்றாள்.

மறுநாள் காலை அக்கா ஊரிலிருந்து கூப்பிட்டபோது எனக்குப் பேச்சே வரவில்லை. தொண்டை கட்டிக் கிடந்தது.

“என்னடா, அந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லையா?”

ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.