சின்னவளுக்குச் சிங்கப்பூர், பெரியவனுக்கு மலேசியா

பள்ளி விடுமுறையில் பத்து நாள் கிடைத்தது. சிங்கப்பூரில் ஐந்து, மலேசியாவில் ஐந்து என்று பிரித்துக்கொண்டோம். மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு ஒன்பது. எந்த நாடு பிள்ளைகளுக்கு நல்லது என்று திரும்பி வந்ததும் எல்லாரும் கேட்டார்கள். எந்தப் பிள்ளைக்கு என்று கேட்டால்தான் என்னால் பதில் சொல்ல முடியும்.

சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குள் ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டம் இருக்கிறது. கட்டணம் கிடையாது. கணவரும் பிள்ளைகளும் முன்னால் போய்விட, தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு பின்னால் வந்த என்னை வாசலில் நிறுத்திவிட்டார்கள். 14 வயதுக்குள் ஒரு பிள்ளை கூட இருந்தால்தான் பெரியவர்களை உள்ளே விடுவார்களாம். அலைபேசியில் கூப்பிட்டேன். மகள் ஓடி வந்து, "இது எங்கம்மா" என்று சொல்லி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். பிள்ளை இல்லாமல் பெரியவர்கள் நுழைய முடியாத இடத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அந்த விதியின் அருமை உள்ளே போனதும் புரிந்தது. மர வீடு, தொங்குபாலம் எங்கும் பிள்ளைகள்தான். யார் வந்து போகிறார்கள் என்ற பதற்றமின்றி நிழலில் உட்கார்ந்திருந்தேன்.

மகளுக்கு அந்த ஊர் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. ரயில் நிலையங்களில் லிஃப்ட் இருப்பதால் தள்ளுவண்டியைத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. 90 செ.மீ. உயரத்துக்குக் குறைந்த குழந்தைக்கு ரயிலிலும் பேருந்திலும் கட்டணமில்லை. என் மகள் அதைத் தாண்டி வளர்ந்துவிட்டாள். 'கார்டன்ஸ் பை த பே' பூங்காவின் சிறுவர் தோட்டத்துத் தண்ணீரில் மதியம் முழுக்க ஆடினாள். மாற்றுத் துணி இரண்டு செட் கொண்டுபோங்கள், ஒன்று போதாது. இரவு 7.45க்கு அங்கிருக்கும் 'சூப்பர்ட்ரீ' என்ற உயரமான செயற்கை மரங்கள் இசைக்கேற்ப ஒளிர்ந்தபோது அண்ணாந்தபடியே அப்பா தோளில் தூங்கிவிட்டாள்.

நான்காம் நாள் மகன் சொன்னான்: "இங்கே எல்லாத்தையும் நமக்காகவே செஞ்சு வச்சிருக்காங்கம்மா. நாமளா எதையும் கண்டுபிடிக்க முடியலையே." அவன் குறைசொல்லிப் பிள்ளை இல்லை. அதனால் அந்தப் பேச்சு மனதில் தங்கிவிட்டது.

கோலாலம்பூரில் தள்ளுவண்டியை முதல் நாளே விடுதியில் போட்டுவிட்டோம். நடைபாதை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும், சட்டென்று முடிந்துவிடும். பத்துமலைக்கு கொம்யூட்டர் ரயிலில் போனோம். 42.7 மீட்டர் உயர முருகனுக்குப் பக்கத்தில் வண்ணம் தீட்டிய 272 படிகள். மகன் ஒன்றுவிடாமல் எண்ணி ஏறினான்; கையிலிருந்த வாழைப்பழத்தை நூறாவது படிக்குச் சற்று மேலே ஒரு குரங்கிடம் பறிகொடுத்தும் எண்ணிக்கையை விடவில்லை. நான் மகளை இடுப்பில் சுமந்து ஏறினேன். இரண்டு நாள் முழங்கால் வலித்தது. ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் இந்த ஒன்றை யோசித்துச் செய்யுங்கள்.

கடைசி இரவு கோல சிலாங்கூர் பக்கம் கம்போங் குவாந்தான் என்ற ஆற்றங்கரைக் கிராமத்துக்குப் போனோம். மோட்டார் இல்லாத துடுப்புப் படகு. கரையோர பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னின, அணைந்தன, மறுபடி மின்னின. ஆண் பூச்சிகள் பெண் பூச்சிகளை அழைப்பது அப்படித்தான் என்று படகுக்காரர் சொன்னார். ஃபிளாஷ் போட்டுப் படமெடுக்கக் கூடாது, நிலா வெளிச்சம் இல்லாத நாளாகப் பார்த்துப் போவது நல்லது. எந்நேரமும் பேசிக்கொண்டிருக்கும் என் மகன் வாய் திறக்கவில்லை. ஒரு மின்மினி அவன் சட்டைக் கையில் வந்து உட்கார்ந்தது. அது பறக்கும்வரை கையை அசைக்காமல் வைத்திருந்தான்.

மகள் என் மடியில் தூங்கிப்போயிருந்தாள். "எழுப்பட்டுமாம்மா?" என்று காதருகே கேட்டான். வேண்டாம் என்று தலையசைத்தேன். படகு கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.