ஒரு பம்பிள் பீ கூட சிக்கலன்னாலும் சர்வே ஃபார்மை அனுப்புங்க

பம்பிள் பீங்குறது ஒடம்பெல்லாம் முடி இருக்குற குண்டு தேனீ. அதைக் கணக்கெடுக்குற சர்வேக்கு போறேன்னு சொன்னா நம்ம ஆளுங்க முதல்ல கேக்குறது "கொட்டாதா?"ன்னுதான். கையில புடிச்சு நசுக்குனா கொட்டும், ஆனா ஆண் ஈக்கு கொடுக்கே கிடையாது, பூவுல உக்காந்து வேலை பாக்குற பெண் ஈயும் நம்மள கண்டுக்கவே கண்டுக்காது. நம்ம ஊருல கட்டையில ஓட்டை போடுற கருவண்டு இருக்குல்ல, பலரும் அதுதான் இதுன்னு நினைச்சுக்குறாங்க, அது வேற இது வேற. இந்தியாவுல பம்பிள் பீ பாக்கணும்னா இமயமலைப் பக்கம்தான் போகணும்.

நான் இருக்குற மினசோட்டாவுல ரஸ்டி பேட்ச்டு பம்பிள் பீன்னு ஒரு இனம் இருக்கு, 2019-ல இருந்து அதான் மாநிலத் தேனீ. ஒரு காலத்துல அமெரிக்காவுல 28 மாநிலத்துல சர்வசாதாரணமா இருந்த ஈ, 1990-களோட கடைசிக்கு அப்புறம் 87% குறைஞ்சு போச்சு, 2017 மார்ச்ல அழியும் நிலையில இருக்குற உயிரினம்னு மத்திய அரசு பட்டியல்ல சேர்த்தாங்க. காரணம் இதுதான்னு ஒத்தையா கை காட்ட முடியாது. புல்வெளி அழிஞ்சது, பூச்சிமருந்து, கிரீன்ஹவுஸ் தக்காளிக்காக வளர்க்குற பம்பிள் பீக்கள்கிட்ட இருந்து பரவியிருக்கலாம்னு சந்தேகப்படுற நோய், எல்லாம் சேர்ந்துதான்.

சரி, இதுல நம்மள மாதிரி சாதாரண ஆளுங்க என்ன பண்ண முடியும்? எந்த பம்பிள் பீ எங்க இருக்குன்னு கணக்கெடுக்குற பம்பிள் பீ அட்லஸ்னு ஒரு வேலை பல மாநிலத்துல நடக்குது, பூச்சிங்களைப் பாதுகாக்குற ஸெர்ஸீஸ் சொசைட்டி மாதிரி அமைப்புங்க, பல்கலைக்கழகங்க எல்லாம் சேர்ந்து நடத்துறாங்க. மாநிலத்தை கட்டம் கட்டமா பிரிச்சிருப்பாங்க, ஒரு கட்டத்தை நாம எடுத்துக்கலாம். அதுக்குள்ள பூ நிறைய இருக்குற ஒரு இடத்துல, சுமார் இரண்டரை ஏக்கர்ல, ஒரு ஆள் 45 நிமிஷம் தேடணும். வலையில புடிச்சு சின்ன குப்பியில விட்டு ஐஸ் பெட்டிக்குள்ள வச்சா கொஞ்ச நேரத்துல குளிர்ல மந்தமாயிடும், முதுகு, பக்கவாட்டு, முகம்னு படம் எடுத்து, எந்தப் பூவுல இருந்துச்சுன்னு குறிச்சு வச்சுட்டு வெளிய விட்டா ஒடம்பை நடுக்கி நடுக்கி சூடேத்திட்டு பறந்துடும். அந்த நடுக்கத்தை ஒரு தடவையாவது கிட்ட இருந்து பாருங்க, அவ்ளோ அழகு! ரஸ்டி பேட்ச்டு அதிகமா இருக்க வாய்ப்புள்ள பகுதின்னு குறிச்சிருக்குற இடத்துல மட்டும் பர்மிட் இல்லாம வலை வீசக்கூடாது, பூவுல உக்காந்திருக்கும்போதே படம் எடுக்கணும்.

அடையாளம் கண்டுபிடிக்குறது ஆரம்பத்துல கஷ்டம்தான். வயித்துல ரெண்டாவது கட்டுல நடுவுல துருப்பிடிச்ச நிறத்துல ஒரு திட்டு, அதைச் சுத்தி மஞ்சள், அதான் ரஸ்டி பேட்ச்டு. ஆனா ராணிக்கு அந்தத் திட்டே இருக்காது. ப்ரௌன் பெல்ட்டடுன்னு இன்னொரு இனத்துக்கும் அதே இடத்துல பழுப்புப் பிறை இருக்கும். அதனாலதான் ஒரு படம் பத்தாதுங்குறாங்க, முடிவு பண்றது படத்தைப் பாக்குற நிபுணர்ங்கதான், நாம நல்லா படம் எடுத்துக் கொடுத்தா போதும்.

நான் முக்கியமா சொல்ல வந்தது இனிமேதான். நிறைய பேரு போயிட்டு ஒண்ணும் கிடைக்கலன்னா "வேஸ்ட்டு"ன்னு, தேடுன விவரத்தை எழுதி அனுப்புற ஃபார்மை அனுப்பாம விட்டுடுறாங்க, எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம். கண்ணுல பட்டப்ப மட்டும் படம் போட்டா ஈ எங்க இருக்குன்னு தெரியும், எங்க இல்லாம போச்சுன்னு எப்படி தெரியும்? பூ இருந்துச்சு, வெயில் இருந்துச்சு, 45 நிமிஷம் முழுசா தேடியும் வரலன்னு ஒருத்தர் எழுதி வச்சாதான் அந்த "இல்லை"க்கு மதிப்பு.

ராபின் தார்ப்னு கலிஃபோர்னியாவுல ஒரு பேராசிரியர். தெற்கு ஓரிகன், வடக்கு கலிஃபோர்னியாவுல ஒரு சின்ன பகுதியில மட்டும் இருந்த ஃப்ராங்க்ளின்ஸ் பம்பிள் பீயை வருஷா வருஷம் தேடிப் போனவரு. 1998-ல 94 பார்த்தாரு, 2003-ல மூணு, அடுத்த ரெண்டு வருஷமும் பூஜ்யம், 2006-ல ஆஷ்லண்ட் மலையில ஒண்ணே ஒண்ணு, அதுக்கப்புறம் யாருமே பாக்கல. 2019-ல அவரு இறந்துட்டாரு, 2021-ல அந்த ஈ அழியும் நிலை பட்டியலுக்கு வந்துச்சு. அவரு அந்த பூஜ்யங்களை எழுதாம விட்டிருந்தா ஒரு இனம் காணாம போனதே யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

ட்வின் சிட்டீஸ், அதாவது மினியாபொலிஸ், செயின்ட் பால் பக்கம் இருக்குற நம்ம மக்களுக்கு ஒண்ணு சொல்றேன், தேட வேண்டிய இடம் தூரத்துல இல்ல, மிச்சம் இருக்குற ரஸ்டி பேட்ச்டு இப்ப நிறைய கண்ணுல படுறது இந்த ரெண்டு ஊரு, மேடிசன் மாதிரி ஊருங்களோட தோட்டத்துலயும் பார்க்குலயும்தான். ஜூலைல பீ பாம் பூத்ததும் அந்தச் செடிகிட்ட நில்லுங்க, அப்புறம் கோல்டன்ராட் பூ வரும். குளிர்காலத்தைத் தாண்டுறது புது ராணிங்க மட்டும்தான், அதுவும் மண்ணுல கொஞ்ச ஆழத்துல தனியா தூங்கிட்டு, அதனால இலையுதிர் காலத்துல கொல்லையில ஒரு மூலையாவது வாராம கிளறாம விடுங்க. ஃபோன் கேமரா போதும், பயிற்சி ஆன்லைன்லயே கிடைக்கும், புள்ளைங்களையும் கூட்டிட்டுப் போங்க, ஒண்ணும் கிடைக்கலன்னாலும் தேதி, நேரம், பூ பேரு போட்டு அனுப்பிடுங்க.